கண்ணாடிக்குள் இருந்தவள்

நெல்லியடிச் சந்தியில் ஓர் உளவுப்படச் சுவரொட்டியின் முன்னால் என் மனைவி சுகந்தி நின்றுவிட்டாள். ஈரம் காயாத மாப்பசையின் மணம் என்னை ஆறாம் வகுப்புக்கே இழுத்துப் போனது.

அன்றைய சுவரொட்டி கொக்குவிலில், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிர் மதிலில் இருந்தது. நாயகனின் கறுப்புக் கண்ணாடிக்குள் சின்னதாக ஒரு பெண்முகம்.

"அவனுக்கு முன்னாலை நிக்கிறவள்தான் உது. எதிரியின்ரை உளவாளி," என்று விளக்கினான் என் வகுப்புத் தோழன் குமரன். அப்போது எங்களோடு படித்த சுகந்தி வாய் பிளந்து கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. எல்லோரும் போனபின் அந்த முகத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

மறுநாள் சுகந்தி கத்தினாள்: "குமரன், அவளைக் காணேல்லை!"

குமரன் அசரவில்லை. "உளவாளியெல்லே? தப்பி ஓடிட்டாள்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானோ பொலிஸ் வருமென்று நடுங்கி, நகத்துக்குள் ஒட்டிய சுவரொட்டியின் நீல மையை மறைக்க நாள் முழுதும் கையைக் காற்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

இன்று சுகந்தி புதிய சுவரொட்டியை உற்றுப் பார்த்தாள். "குமரன் இஞ்சை நிண்டிருந்தால் உதுக்கும் அர்த்தம் சொல்லியிருப்பான், என்னப்பா?"

இத்தனை வருடம் கழித்தும் அதே எரிச்சல். என் கை தானாகப் பைக்குள் போனது.

அவள் திரும்பாமலே கேட்டாள்: "உதையும் சுரண்டப் போறியளோ?"