துவா, தியா?

அரசு அச்சகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒற்றக்கா என்றால்தான் தெரியும். விட்டுப்போன க், ச், த், ப் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. புரூஃப் பார்க்கும் வேலைக்கு வந்த புதிதில், தன் கல்யாணப் பத்திரிகையிலேயே சிவப்பு மையால் திருத்தம் போட்டு மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

அப்படிப்பட்டவள் இன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் இருப்புக் கொள்ளாமல் தவித்தாள். சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு நாடுகளும் நாளைக்குக் கையெழுத்துப் போடப்போகும் சமாதான ஒப்பந்தம் அவள் கை வழியாகத்தான் அச்சுக்குப் போயிருந்தது. அவளுடைய ஒரே மகன் எல்லையில் துப்பாக்கியோடு நிற்கிறான். கையெழுத்தானால் பிள்ளை வீடு திரும்பிவிடுவான் என்று தனக்குத்தானே சத்தியம் செய்து வைத்திருந்தாள். அந்த ஒப்பந்தத்தில்தான், "போரைத் துறக்கிறோம்" என்று இருக்க வேண்டிய இடத்தில், தட்டச்சு செய்த புண்ணியவான் "போரைத் திறக்கிறோம்" என்று அடித்திருந்தான். என்னவோ கடை திறப்பு விழா மாதிரி! அவள் சுழித்துக் கொடுத்தாள். அவன் மாற்றினானா? பார்க்காமல் கிளம்பிவிட்டோமே! பாதி வழியில் இறங்கி எதிர்ப்பக்கப் பேருந்தைப் பிடித்தாள்.

அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"என்னக்கா, வீட்டுக்குப் போகலையா? மேனேஜர் பாத்தா என்னைத் தொலைச்சிடுவாரு," என்றபடியே மெஷினை நிறுத்தினார் மெஷின்காரர்.

"துவா, தியான்னு மட்டும் பாத்துட்டு ஓடிடறேன்."

மை காயாத தாள் ஒன்றை உருவினாள். து தான். அப்பாடா! காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் கீழேயும் படித்தாள். "தற்காப்புக்காகப் போரிடும் உரிமை இதனால் பாதிக்கப்படாது." காலையிலிருந்து எத்தனை தடவை இந்த வரியைத் தாண்டியிருப்பாள்! 'ப்' இருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. எல்லையில் முதல் குண்டு வெடித்த அன்று இரண்டு அரசுகளும் வாய் கூசாமல் சொன்னது இதைத்தானே? நாங்கள் சண்டைக்குப் போகவில்லை, தற்காத்துக்கொள்கிறோம். சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள். எந்த எழுத்தைச் சுழிப்பது?

"என்னக்கா, தப்பு ஏதாச்சும் இருக்கா?"

அவள் அந்த வரியை இன்னொரு தடவை பார்த்தாள்.

"இல்லைங்க," என்றாள். "ஒரு எழுத்துகூடத் தப்பில்லை."

அவர் மெஷினை மறுபடி ஓடவிட்டார்.