கடற்கரை மாதிரி ஒரு ஹால்

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டைத் தோட்ட நிர்வாகத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. நான் மலைமேலேயே கம்போங் ராஜாவில், தாமான் என்று சொல்லும் குடியிருப்பில், ஒரு சிறிய வீட்டை வாங்கினேன். வரிசை வீடுகளில் நடுவில் உள்ளது. வாசற்கதவைத் திறந்தால் ஹால், ஹாலின் முடிவில் சமைக்கிற குசினி, இரண்டுக்கும் நடுவில் சுவரே கிடையாது. வீட்டைக் காட்டியவர் அதையே பெரிய வசதியாகச் சொன்னார். சின்ன வீடு பெரிதாகத் தெரியும், இப்போது எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள் என்றார். அம்மா உள்ளே வந்து நின்று, செவுரு எங்கே என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. எனக்கும்தான்.

குடி வந்த பிறகும் அம்மா சுவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் நல்ல வெளிச்சம் குசினியின் பின்பக்க ஜன்னல் வழியாகத்தான் வரும். சுவர் வைத்தால் ஹால் குகை மாதிரி ஆகிவிடும் என்று ஒவ்வொரு முறையும் விளக்கினேன். அம்மா தலையாட்டுவார். பிறகு இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேட்பார்.

நான் காய்கறி மொத்த வியாபாரி ஒருவரின் கடையில் கணக்கு வேலை பார்க்கிறேன். திரிங்காப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் முட்டைகோசும் தக்காளியும் எங்கள் கடை வழியாகத்தான் லோரி ஏறும். ஒரு முறை எங்கள் முதலாளி தவுக்கே கடையாட்கள் எல்லாரையும் பங்கோர் தீவுக்குக் கூட்டிப்போனார். தங்கிய இடத்தில் எங்கள் வீட்டைப் போலவே ஒரே நீளமான அறை. ஆனால் சுவர் வெள்ளை, ஒரு பக்கம் மட்டும் வெளிர்நீலம், பிரம்பு நாற்காலிகள், தரையில் மணல் நிறத்தில் பாய், காற்றில் அசையும் மெல்லிய வெள்ளைத் திரை. மற்றவர்கள் கடலில் குளிக்கப் போனார்கள். நான் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறந்ததிலிருந்து பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோலாலம்பூரிலிருந்து காரில் ஏறிவந்து தேயிலைச் சரிவின் முன்னால் நின்று படம் எடுக்கிறவர்களுக்கு அது அழகு. எனக்கு அது ஈரம். காலணிக்குள், மடித்து வைத்த துணிக்குள், அரிசி டப்பாவின் மூடியில் எல்லாம் இருக்கும் ஈரம். வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது ஒரு இடமாவது உலர்ந்து, வெளுத்து, வெயில் பட்டது மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதில் தப்பு என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் சாயம் அடிக்கிறவரைக் கூப்பிட்டேன். தச்சு வேலையும் தெரிந்தவர், எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்தான். கைத்தொலைபேசியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

“மலை மேல கடல் கேட்ட மொத ஆளு நீதான் தங்கச்சி. செய்யலாம் லா. ஆனா இந்த ஈரத்துக்கு வெள்ளை நிக்காது.”

நிற்கிற சாயமாக வாங்கி அடியுங்கள் என்றேன். சரி என்று போனவர் சொன்ன நாளில் வரவில்லை. பூத்தோட்டம் ஒன்றில் பிளாஸ்டிக் கூரை காற்றில் கிழிந்துவிட்டது, அதைக் கட்டப் போயிருந்தார். அடுத்த முறை மழை. அதற்கடுத்த முறை யாரோ உறவினர் கல்யாணம். அதுவரை நாற்காலிகளையெல்லாம் குசினிப் பக்கம் தள்ளி, சாமி மேடையைத் துணியால் மூடி, சட்டி பானைக்கு நடுவில் நானும் அம்மாவும் ஒண்டிக்கொண்டு கிடந்தோம்.

ஒருவழியாக அடித்து முடித்தார். கடையில் அட்டையில் பார்த்தபோது கடலாக இருந்த நீலம், எங்கள் ஹாலின் மங்கல் வெளிச்சத்தில் அரசாங்க கிளினிக்காக மாறிவிட்டது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துவிட்டு, “எப்ப நம்பர் கூப்புடுவாங்க?” என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று நான் சாப்பிடவில்லை. நீலத்தின் மேல் இன்னும் வெளுப்பாக ஒரு பூச்சு அடிக்கச் சொன்னேன். அதற்கும் சாயக்காரர் தன் வசதிக்குத்தான் வந்தார்.

பிறகு பங்கோரைப் பார்த்து நான் வாங்கிப் போட்ட மற்றவை ஒவ்வொன்றாகத் தோற்றன. வெள்ளைத் திரையைத் துவைத்தால் நாள் கணக்கில் காயவில்லை, காய்ந்தபோது புளித்த வாடை அடித்தது. நெத்திலி சம்பால் வதக்கும் புகை நேராக வந்து அதில்தான் படிந்தது. ஈப்போவிலிருந்து வரவழைத்த பிரம்பு நாற்காலிகளின் மடிப்புகளில் மழைக்காலம் தொடங்கியதுமே பூசணம் பிடித்தது. பழைய பல் துலக்கும் பிரஷால் நான் தேய்த்தேன். அடுத்த வாரம் அது திரும்பி வந்தது. பச்சையாக.

இவ்வளவுக்கும் நடுவில், ஒரு நாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், என் வெள்ளைச் சுவரில் ஒரு பெரிய ஆணி. எதிர்ச்சுவரில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே நைலான் கயிறு. கயிற்றில் காப்பி நிறத்தில் பூப்போட்ட இரண்டு பாத்தேக் துணிகளைச் சேர்த்துத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார் அம்மா. ஹால் இருண்டு கிடந்தது. துணிக்குப் பின்னால் தாளிக்கும் சத்தம் கேட்டது.

நான் துணியைக் கழற்றி மடித்து அவர் கட்டில்மேல் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் அது மறுபடியும் கயிற்றில் இருந்தது. மறுபடியும் கழற்றினேன். இப்படியே போனது. எங்களுக்குள் வாய்ச்சண்டை இல்லை, துணி மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கடையில் கணக்குப் போடும்போதும், இன்றைக்கு அது தொங்குமா என்பதே மனதில் ஓடும். கழற்றியதை ஒளித்து வைத்தால், அம்மா தன் படுக்கை விரிப்பை எடுத்து மாட்டிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வெடித்தது. அம்மா தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இந்த ஹாலை நான் எவ்வளவு பாடுபட்டுச் செய்தேன், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், கொஞ்சமாவது யோசித்தீர்களா என்று கத்தினேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

“பாக்கிறவங்களப் பத்திதான் நானும் யோசிக்கிறேன்” என்றார். “வாசக்கதவத் தொறந்தா அடுப்பு தெரியுது. தபால்காரன் பாக்குறான், கேஸ் கொண்டாரவன் பாக்குறான். லயத்துல இருந்தப்பயும் இப்படித்தான். தண்ணிப் பைப்புக்குப் போறவங்க வர்றவங்க எல்லாம் என் அடுப்ப எட்டிப் பாத்துட்டுத்தான் போவாங்க. ஒங்கப்பா செத்த வருசம் கறி வைக்க ஒன்னும் இருக்காது. வெறும் தண்ணிய வச்சு மூடி போட்டுக் கொதிக்க விடுவேன். பாக்கிறவங்க கொழம்புன்னு நெனச்சுக்கட்டும்னு.”

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். சோற்றில் உப்பும் மிளகாயும் போட்டுப் பிசைந்து தின்றது நினைவிருக்கிறது. அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்தது எனக்குத் தெரியாது.

“சொந்த வீடு வாங்கினா குசினிக்கு ஒரு கதவு வச்சுக்கணும்னு இருந்தேன். நீ வாங்கினது செவுரே இல்லாத வீடு.”

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். என் குரலில் கோபம் இன்னும் இறங்கவில்லை.

“சொன்னேனே. செவுரு வேணும்னு சொன்னேன். நீ வெளிச்சம் போயிடும்னே.”

அவர் சொன்னது சரி. எத்தனையோ முறை சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பயற்றங்காயை எடுத்து மீதியை நான் நறுக்கினேன். மனம் இளகிவிட்டது என்று எழுத ஆசைதான். உண்மையில், அம்மாவின் மேல் இருந்த எரிச்சல் போய், என்மேலும் வீட்டைக் கட்டியவன்மேலும் பிரம்பு நாற்காலி விற்றவன்மேலும் எரிச்சல் வந்தது.

சாயக்கார அண்ணனை மறுபடியும் கூப்பிட்டோம். வெளிச்சமும் வர வேண்டும், அம்மாவும் தெரியக் கூடாது, என்ன செய்வது என்று கேட்டேன். அவர் அம்மாவை அடுப்பின் முன்னால் நிற்கச் சொன்னார்.

“நிமுந்து நில்லுங்க அக்கா. ஒங்க தலைக்கு மேல நாலு வெரல் போதும்.”

அம்மா குள்ளம். அதனால் அண்ணன் அடித்த பலகைத் தடுப்பு கூரைவரை போக வேண்டியிருக்கவில்லை, ஜன்னல் வெளிச்சம் மேலாக வந்தது. நடுவில் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஒரு சின்னக் கதவு. வெள்ளை அடிக்கவா என்று அண்ணன் கேட்டபோது, நான் பேசுவதற்குள் அம்மா, காப்பி நிறம் போதும், அழுக்குத் தெரியாது என்றார். நான் விட்டுவிட்டேன். அந்த வாரம் அம்மா சமைக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் கதவை மெதுவாக இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. அவ்வளவு சின்னக் கதவைச் சாத்த அவ்வளவு நேரம் ஆகாது. தாழ்ப்பாளையும் போட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பிரம்பு நாற்காலிகள் பின்வாசலுக்குப் போய்விட்டன. அவற்றின் மேல் காலணி காய்கிறது. திரையைக் கழற்றி, தடித்த சாம்பல் நிறத் திரை போட்டேன். மணல் நிறப் பாய் மட்டும் இருக்கிறது, அதையும் வாரம் ஒருமுறை வெளியே தூக்கிப்போட்டு உலர்த்த வேண்டும். வெயில் வந்தால்.

போன மாதம் கடையில் என்னோடு வேலை செய்யும் பெண் வந்திருந்தாள். பங்கோருக்கு எங்களோடு வந்தவள்தான். ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு அக்கா, இந்தக் குசினித் தடுப்பு யார் செஞ்சது, நம்பர் கொடுங்க என்றாள். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாயையும் பார்க்கவில்லை. நானாகக் கடல் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா அவளைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

ஜன்னலுக்குக் கீழே வெள்ளைச் சுவர் இப்போதே சாம்பல் பூத்துவிட்டது. இன்னொரு பூச்சு அடிக்கலாமா என்று அண்ணனைக் கேட்டேன். மழை விடட்டும் தங்கச்சி என்றார். இன்னும் விடவில்லை.