மீட்டர் பார்க்க வருகிறவன்

மரவாடியில் எல்லோருக்கும் அவர் பாய்லர்காரர். முதலாளி ஒருவனுக்குத்தான் அண்ணன். கூடப்பிறந்தவன் என்றாலும் தம்பி குடியிருப்பது ஊரின் மறுகோடியில், புது வீட்டில். அண்ணன் இருப்பது பாய்லருக்குப் பக்கத்து அறையில். மனைவி இறந்துபோன பிறகு அவர் அங்கேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் இல்லை. பகலெல்லாம் மரத்தூளையும் சில்லுகளையும் அள்ளிப் போடுவார், சாம்பலை வாருவார், பாய்லரோடு பேசுவார். அது பதிலுக்குப் புஸ்ஸென்றாவது சொல்லும்.

அண்ணன் தம்பிக்குள் சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் தேவலை, சமாதானம் பேசவாவது வந்திருப்பான். தம்பிக்கு நேரமில்லை, அவ்வளவுதான். இந்த நேரமில்லாத வியாதிக்கு மட்டும் எந்த மகராசனும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

டீசலை விட்டுவிட்டு வீணாகும் மரக்கழிவை எரித்தால் அரசாங்கம் மானியம் தரும் என்று தெரிந்ததும் தம்பி இந்தப் பாய்லரை வாங்கிப் போட்டான். பலகை உலர்த்தச் சூடு, மரவாடிக்குக் கரண்டு, இரண்டும் இதிலிருந்துதான். ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு. ஆனால் ஒரு நிபந்தனை: மூன்று மாதத்துக்கு ஒரு முறை உரிமையாளரே நேரில் வந்து, மீட்டர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். வேறு ஆள் நின்றால் செல்லாது. அரசாங்கம் தம்பிக்குப் பணம் கொடுத்தது, அண்ணனுக்குத் தம்பியைக் கொடுத்தது.

அவன் வரும் நாளன்று அவர் மீட்டர் கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று வைப்பார். துவைத்த சட்டை போடுவார். அடுப்பில் டீ தயாராக இருக்கும். இதில் ஒரு திருட்டுத்தனமும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு முடுக்கிவிடக்கூடிய வால்வை ஒழுக விட்டு வைத்திருப்பார்.

"வால்வு லேசா ஒழுகுது தம்பி. நீ ஒரு தடவை பாத்துட்டா நல்லது."

தம்பி குனிந்து பார்ப்பான். சிறுவயதில் இருவரும் சைக்கிள் செயின் மாட்டியது போல ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள். அந்த அரைமணி நேரத்தை வைத்து அவர் மூன்று மாதத்தை ஓட்டுவார்.

ஒருநாள் மீட்டர் கம்பெனி ஆள் வந்து பழைய மீட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். கூடவே தம்பியும் வந்திருந்தான்.

"இது தானாவே கணக்க அனுப்பிடும்ணே. நான் போன்லயே பாத்துக்கலாம். இனிமே வர்ற அலைச்சல் இல்ல." அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நல்லதாப் போச்சு" என்றார் அண்ணன்.

மூன்று மாதம் கழிந்தது, அவன் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு உலர்த்தும் கொட்டகையிலிருந்த பலகைகளை எல்லாம் காய்ந்ததும் வெளியே அடுக்கினார். பலகை மேல் அவருக்கு என்ன கோபம்? அதன்பின் பாய்லரை அணைத்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு வாசல் கேட்டருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"அண்ணே, நேத்துலேருந்து மீட்டர் ஓடலையே. பாய்லருக்கு என்ன ஆச்சு?"

"பாய்லர் நல்லாத்தான் இருக்கு."

"பின்ன?"

"நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

"மெக்கானிக்க அனுப்புறேண்ணே. எதுன்னாலும் அவர்கிட்ட சொல்லுங்க."

மெக்கானிக் வந்து குழாய் குழாயாகத் தட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு பெரியவரே. முதலாளி கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

அவர் மரத்தூளை அள்ளி உள்ளே போட்டுத் தீ மூட்டினார். "அண்ணன் அசந்து தூங்கிட்டாராம்னு சொல்லுங்க. டீ இருக்கு, குடிச்சிட்டுப் போங்க."

"இன்னும் ரெண்டு இடம் போகணுங்க" என்று மெக்கானிக் வண்டியை எடுத்தார்.

மீட்டர் மறுபடி ஓடத் தொடங்கியது. அதன்பின் போன் வரவில்லை.