விழப் பழகிய கோல்கீப்பர்

எனக்குப் பந்து பிடிக்கத் தெரியும். அதைத் தவிர உருப்படியாக ஒன்றும் தெரியாது என்று மாமனார் கல்யாணத்துக்கு முன்பே சொன்னார். சொல்லிவிட்டுப் பெண்ணையும் கொடுத்தார், அதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கல்கத்தாவில் ஒரு கிளப்புக்குச் சம்பளத்துக்குக் கோல்கீப்பராக நின்றவன் நான். கல்யாணம் ஆவதற்குள் அந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அதனால் நான் விளையாடி என் மனைவி ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டில் ஒரே ஒரு போட்டோ உண்டு. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் கிடப்பேன், முகம் பந்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். "இது நீங்கதானா, இல்ல வேற யாருமா?" என்று கேட்டு என்னை வெறுப்பேற்றுவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் கம்பெனி தன் கால்பந்து டீமுக்கு ஆள் எடுத்தது. விசாவில் ஸ்டோர் ஹெல்பர், வேலை என்னவோ கோல் காப்பது. கொஞ்ச காலம் ராஜாவாக இருந்தேன். கேம்ப் மெஸ்ஸில் எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு முட்டை வைப்பார்கள். ஒரு லீவில் ஊர் போயிருந்தபோது மகள் பிறந்தாள். அவளைத் தொட்டிலில் போட்ட மறுநாள் விமானம் ஏறினேன்.

திரும்பி வந்தால் புது மேனேஜர். அவருக்குக் கிரிக்கெட் பைத்தியம். கால்பந்து டீம் கலைந்தது. கோல் கம்பங்களை அறுத்து ஸ்டோருக்கு அலமாரி அடித்தார்கள். அந்த அலமாரியில் போல்ட்டும் நட்டும் அடுக்குகிற வேலையை எனக்கே கொடுத்தார்கள். கம்பத்தில் பந்து பட்ட தழும்புகள் பெயிண்டுக்கு அடியில் தெரியும். தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். மனைவியை நினைத்து ஏங்கினேன், மகளை நினைத்து ஏங்கினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பந்தை நினைத்தும் அதே அளவு ஏங்கினேன்.

மகளுக்கு மூன்று வயதானபோது ஷார்ஜாவிலிருந்து ஓர் உஸ்தாத், மல்யுத்த வாத்தியார், என்னைத் தேடி வந்தார். லாகூர்க்காரர். அங்கே ரோலா கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மாடியில் ஜிம் வைத்திருந்தார். டிவியில் வருகிற மல்யுத்தத்துக்கு ஊரே கிறங்கிக் கிடந்த காலம் அது. அவர் அதே பாணியில் மேடை கட்டி, டிக்கெட் போட்டு, லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் ஊர் ஊராக நடத்திக்கொண்டிருந்தார். ஜெயிப்பதற்கு அவரிடம் ஆள் இருந்தது. தோற்பதற்குத்தான் பஞ்சம். எங்கள் மேட்சுகளைப் பார்த்திருந்தவர், இந்தியில் சொன்னார்: "பாய், உன்னைப்போல விழுகிறவனை நான் பார்த்ததில்லை. என்னோடு வா." பாராட்டா, கிண்டலா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் சரி என்றேன். "வெள்ளிக்கிழமை உன் இஷ்டம்" என்று மேனேஜரும் விட்டுவிட்டார்.

விழுவதில்தான் வில்லங்கமே வந்தது. கோல்கீப்பர் பக்கவாட்டில் விழுவான், விழும்போதே சுருண்டுகொள்வான், கைகள் ஒன்றையொன்று தேடி வரும். மல்யுத்தக்காரனோ முதுகு முழுக்கத் தரையில் பட, தாடையை நெஞ்சில் அழுத்தி, கைகளை அகல விரித்து மேடையை அறைந்துகொண்டு விழவேண்டும். என் கைகள் விரியவே மறுத்தன. உஸ்தாத் பொறுத்துப் பார்த்துவிட்டு இரண்டு கையிலும் செருப்பைக் கொடுத்து, "இதால் அடி" என்றார். செருப்பும் கையுமாக ரோலா மாடியில் விழுந்து விழுந்து எழுந்தேன். கீழே துணிக்கடைக்காரர் கூரை இடிகிறதென்று சண்டைக்கு வந்தார்.

ஒருவழியாகப் பழகினேன். ஷார்ஜா, ருவைஸ் கேம்ப், எங்கள் ராஸ் அல் கைமா என்று போன இடமெல்லாம் தோற்றேன். தோற்பதற்கென்று இருந்த எங்கள் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி கறுப்பு முகமூடி. எங்களை அடித்துப் போடுவதற்கென்றே மலை போல ஒரு சாம்பியன். தோற்றால் என்ன? கூட்டம் கத்தும்போது மயிர்க்கூச்செறியும். போல்ட்டு எண்ணுகிறவனுக்கு யார் கைதட்டுவார்கள்?

அந்தக் குளிர்காலத்தில் ஷார்ஜாவில் பெரிய ஷோ வைத்தார்கள். வீடியோ எடுத்துக் கடைகளில் விற்க ஏற்பாடு. என் ரூம்காரன் லீவில் ஊர் போகவிருந்தான். அவன் கையில் ஒரு கேசட் கொடுத்தனுப்பினால் மனைவி பார்த்துவிடுவாள். முகமூடி போட்ட மூவரில் நான் யார் என்று அவளிடம் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்தேன். அவளாகக் கண்டுபிடிக்கவேண்டும். எங்கள் கல்யாண வாழ்க்கையை மொத்தமாகக் கூட்டினாலும் சில லீவுகள்தான் தேறும். என் நடையை, என் தோளை அவளுக்குத் தெரியுமா, இல்லை மாதாமாதம் டிராஃப்ட் அனுப்புகிற யாரோ ஒருவனா நான்? எனக்குத் தெரிந்தாகவேண்டியிருந்தது.

மற்ற இருவரும் ஒழுங்காக அடிவாங்கி இறங்கிய பிறகு என் முறை. சாம்பியன் கேமராவுக்காக அன்று மேல் கயிற்றில் ஏறிவிட்டான். வழக்கமாக அவ்வளவு உயரம் ஏறமாட்டான். நான் நடுவில் தள்ளாடிக்கொண்டு நிற்கவேண்டும், அவன் வந்து மோதவேண்டும், இருவரும் விழவேண்டும். அவனுக்குப் பின்னால் ஃபிளட்லைட் கண்ணைக் கூசவைத்தது. அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து உருண்டையாக ஏதோ என்னை நோக்கி வந்தது. கார்னர் கிக். என் உடம்புக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஓரடி முன்னால் வைத்தேன், எம்பினேன், பிடித்தேன்.

அவ்வளவு பெரிய ஆளை நெஞ்சோடு அணைத்து, அவன் தலைக்கு என் கையைக் கொடுத்து, பக்கவாட்டில் விழுந்து சுருண்டுகொண்டேன். கூட்டம் வெடித்துச் சிரித்தது. "சோட், பாய், சோட்" என்று என் கைக்குள் கிடந்து சாம்பியன் கெஞ்சினான். விடச் சொல்கிறான் என்று புரிந்தது, விட மனசில்லை. கையில் ஏதோ வந்து நிறைந்து எத்தனை நாளாகிவிட்டது. பிறகு விட்டேன், மல்லாந்து படுத்தேன், அவன் ஜெயித்தான்.

உஸ்தாத் முகமூடியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "கலாஸ்" என்றார். என் மல்யுத்தம் அத்தோடு சரி. கேசட் மட்டும் ஊர் போனது.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போன் பூத்தில் நின்றேன். கேசட்டைப் பற்றி அவளாக எடுக்கட்டும் என்று மழை பெய்ததா, மாமனார் நலமா என்றெல்லாம் கேட்டேன்.

"அது கெடக்கட்டும். முகமூடி போட்டா எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். "கடைசில வந்தது நீங்கதான?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்தத் தடியன அணைச்சுப் புடிச்சியள்லா? ஆஸ்பத்திரில நர்சு கையில இருந்து நம்ம பிள்ளைய அப்படித்தான வாங்குனிய. தலைக்குக் கையக் குடுத்து, கீழ விழுந்துருமோன்னு பயந்து பயந்து."

அவளே தொடர்ந்தாள்: "உங்க மக பக்கத்து வீட்டு டெக்குல அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பாக்கா. அப்பா வந்தா கட்டில் மேல ஏறிக் குதிப்பாளாம். புடிப்பியளான்னு கேக்கா."

"புடிப்பேன்னு சொல்லு" என்றேன்.

அந்த வருஷம் கம்பெனியின் சிமெண்ட் சூளைக்குப் பெரிய பழுது பார்க்கும் வேலை வந்தது. எல்லாருடைய லீவையும் தள்ளிப்போட்டார்கள். பிறகு இன்னொரு முறையும் தள்ளினார்கள். ஒருவழியாக ஊர் போய் வாசலில் பெட்டியை இறக்கியதும் நான் முதலில் பார்த்தது உள்ளே தெரிந்த கட்டிலைத்தான். மகள் அதில் ஏறவில்லை. நன்றாக வளர்ந்திருந்தாள். அம்மாவின் பின்னால் பாதி மறைந்து நின்று, விருந்தாளியிடம் சொல்வதுபோல "வாங்க" என்றாள்.

நான் இரண்டு கைகளையும் நீட்டியபடி வாசலிலேயே நின்றேன்.