காக்ஸ் டவுன் கிளெமென்ட்டுக்குக் கலர் தெரியுமா?

இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூர்ச்சை போட்டு விழும் என்று பெங்களூர் பயந்துகொண்டிருந்தது. ஒன்றுகூட விழவில்லை. ஒரு வருஷமாக ஆசையாக வளர்த்த வதந்தி இப்படி ஏமாற்றிவிட்டதில் ஊருக்கு வாய் நமநமத்தது. ஜனவரி இரண்டாம் வாரத்தில் காக்ஸ் டவுன் டீக்கடைகளில் அதற்குப் பதிலாக ஒன்று கிளம்பியது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிளெமென்ட்டுக்குக் கலர் தெரியாதாம். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றாம்.

தையல்காரருக்குக் காது கேட்காவிட்டால் பரவாயில்லை. வண்டிக்கு ஒயரிங் செய்கிறவருக்குக் கலர் தெரியாது என்றால் அது வேறு சங்கதி. ஒரு வண்டிக்குள் ஓடும் ஒயர்களுக்குக் கலரைத் தவிர வேறு அடையாளம் ஏது? ஆகவே வதந்தி நாளொரு கிளை விட்டது. அவர் மனைவி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இருமுவதாகவும், ஒரு இருமல் என்றால் சிவப்பு, இரண்டு என்றால் பச்சை என்றும் சொன்னார்கள். காக்ஸ் டவுனில் பாதி வண்டிகள் மாதாவின் தயவில்தான் ஓடுகின்றன என்றார் ஒருவர். முதலில் சொன்னது யார் என்று நானும் விசாரித்தேன். எல்லோருக்கும் வேறு யாரோதான் சொல்லியிருந்தார்கள்.

சிரித்துவிட்டு மறந்திருப்பேன். சங்கராந்திக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆதிகேசவன் வந்து என் வீட்டு கேட்டைத் தட்டினார்.

ஆதிகேசவன் எங்கள் தெருவில் சாமியானா, நாற்காலி, சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறவர். வாலாஜாவிலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகிறது. ஐந்து வண்டிகள் வைத்திருக்கிறார். ஐந்தாவது, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு சுமோ. அதன் பின்னால் மாட்டி இழுக்க இரண்டு சக்கர டிரெயிலர் ஒன்றைப் புதிதாக அடித்து, மேலே ஜெனரேட்டரை ஏற்றியிருந்தார். தை பிறந்துவிட்டது. புதன்கிழமை மாலூரில் கல்யாணம். சுமோவில் பிரேக் மிதித்தால் டிரெயிலரின் பின்னாலும் சிவப்பு எரிய வேண்டும். இடப்பக்கம் கை காட்டினால் அங்கேயும் இடப்பக்கம் மினுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"ரெண்டு கடைல குடுத்துப் பார்த்துட்டேன் சார். பிரேக்க மிதிச்சா லெஃப்ட் இண்டிகேட்டர் எரியுது. ரைட் போட்டா பின்னாடி மொத்தமும் திருவிழா மாதிரி மினுக்குது. ஹைவேல பின்னாடி வர்ற லாரிக்காரன் என்னான்னு நெனப்பான்?"

"கிளெமென்ட்கிட்ட போக வேண்டியதுதானே?"

"அங்கதான் போறேன். ஆனா இந்தப் பேச்சு காதுல வுழுந்துச்சு பாருங்க, அதான் மொதல்ல வேற கடைங்களுக்குப் போனேன். நாலு வருஷமா என் வண்டிங்க எல்லாத்தையும் அவன்தான் பாக்கறான். மெய்யா இருந்தா இன்னியோட கட். நான் மட்டும் இல்ல. நம்ம சாமியானா ஆளுங்க ஒருத்தன்கூட அவன் கடையாண்ட வண்டி நிறுத்த மாட்டான்."

"நேரா கேட்டுடுங்களேன்."

"மூஞ்சிக்கு நேரா எப்டி சார் கேக்கறது? நீங்க வாங்க. பேப்பர்ல எழுதறவரு. அடுத்தவன் வூட்டு விஷயம் கேக்கறதுல உங்களுக்குத்தான் கூச்சமே கிடையாதே."

இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இன்னொரு காரணமும் இருந்தது. விளக்கு தாறுமாறாக எரியும் டிரெயிலரைத் தெருவில் இழுத்துப் போனால் போலீஸ் பிடிக்கும். அதற்குப் பின்னால் விளக்காக வருவதற்கு அவருக்கு ஒரு கார் தேவைப்பட்டது. என் பழைய ஃபியட்டில், அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் நானும் அந்தப் பக்கம் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு, ஊர்வலத்தில் கடைசியாக வரும் மேளக்காரன் மாதிரி போய்ச் சேர்ந்தேன்.

கிளெமென்ட்டின் கடை, சர்ச் காம்பவுண்டை ஒட்டிய தகரக் கொட்டகை. துப்பறிய வந்தவன் இல்லையா, எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்தேன். போர்டு கறுப்பு வெள்ளை. அவர் சட்டை வெள்ளை. பேன்ட் கறுப்பு. சுவரில் மாட்டியிருந்த காலண்டர்கூட வெறும் தேதி காலண்டர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த மனிதர் வேறு எப்படி உடுத்துவார் என்றும் தோன்றியது. நாற்பத்திரண்டு வயது, ஒல்லி, மூக்கின் நுனியில் கண்ணாடி.

"வாங்கண்ணே. சார், நீங்களும் வாங்க. கேத்தி, கொஞ்சம் வண்டில ஏறு."

கேத்தி என்பது அவர் மனைவி கேத்தரின். நர்சரி ஸ்கூல் டீச்சர். பிள்ளைகள் கலர் அடித்த டிராயிங் நோட்டுகளை ஒரு கட்டாக மடியில் வைத்துக்கொண்டு சுமோவின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இவர்கள் வேலை செய்யும் முறை பன்னிரண்டு வருஷமாக இதுதான். அவர் பின்னால் தரையில் படுத்துக்கொண்டு "பிரேக்!" என்பார். அந்த அம்மாள் மிதித்துவிட்டு "போட்டாச்சுங்க" என்பார். நடுவில் கிடைக்கும் நேரத்தில் நோட்டுத் திருத்துவார்.

நான் இருமலை எண்ணுவதற்காக டீச்சர் பக்கத்தில் போய் நின்றேன். கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு கனைப்புகூட இல்லை.

"சார், டீ சொல்லட்டுமா? ரொம்ப நேரமா என் வாயவே பாத்துட்டிருக்கீங்க."

டீ சொல்லச் சொன்னேன். முன் சீட்டில் இருக்கிறவருக்குப் பின்னால் இருக்கும் ஒயர் தெரியவே வழியில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. இருமல் கிளை அங்கேயே முறிந்தது.

இதற்குள் கிளெமென்ட் டிரெயிலரின் அடியிலிருந்து மொத்த ஒயரையும் வெளியே இழுத்துப் போட்டிருந்தார். ஏழு ஒயர். நான்கு மஞ்சள், மூன்று சிவப்பு. வேறு கலரே இல்லை.

"இது யாருண்ணே போட்டது?"

ஆதிகேசவன் சற்றுப் பெருமையாகவே சொன்னார். "ஒயர் நான் குடுத்தது. நவம்பர்ல கர்நாடக ராஜ்யோத்சவ விழாவுக்கு சீரியல் செட் கட்ட வாங்கினது. கன்னடக் கொடி கலரு. ஆறு ரோல் மிச்சம் நின்னுபோச்சு. அடுத்த நவம்பர் வரைக்கும் எலி கடிக்கணுமா? டிரெயிலருக்குப் போட்டுருன்னு வெல்டிங்காரன்கிட்ட குடுத்துட்டேன்."

இரண்டு கடைக்காரர்களும் நல்ல கண் உள்ளவர்கள். சிவப்பைப் பார்த்தார்கள், சிவப்போடு சேர்த்தார்கள். மஞ்சளைப் பார்த்தார்கள், மஞ்சளோடு சேர்த்தார்கள். ராஜ்யோத்சவம் டிரெயிலருக்குள் நடந்துகொண்டிருந்தது.

கிளெமென்ட் சிரித்தார். ஆதிகேசவன் சிரிக்கவில்லை. கேட்கக் கூச்சப்படுகிறவர், திடீரென்று பெஞ்சின் மேலிருந்த தகர டப்பாவுக்குள் கையை விட்டு இரண்டு துண்டு ஒயரை எடுத்து நீட்டினார். ஒன்று பச்சை, ஒன்று பிரவுன்.

"கிளெமென்ட்டு, இது ரெண்டும் இன்னா கலரு?"

முன் சீட்டில் நோட்டுப் புரளும் சத்தம் நின்றது. கிளெமென்ட் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியலண்ணே."

"தெரியலன்னா?"

"ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு."

வதந்தி உண்மை. இதைக் கண்டுபிடித்தால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து வந்திருந்தேன். இல்லை.

பிறகு அவர் சொல்லித் தெரிந்தது இது: ஆஸ்டின் டவுனில் பிறந்தவர் கிளெமென்ட். எழுபத்தெட்டில், இருபது வயதில், ரயில்வேயில் சேரப் பரீட்சை எழுதினார். ஸ்டேஷனுக்குப் பக்கமாக இருக்க வேண்டும் என்று ஒக்கலிபுரத்தில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்து, பாஸும் செய்தார். மெடிக்கலில் ஒரு புத்தகத்தை விரித்தார்கள். பக்கம் பக்கமாகப் புள்ளிகள். புள்ளிகளுக்குள் என்ன நம்பர் என்றார் டாக்டர். நம்பரா, இதற்குள்ளா என்று கேட்டாராம் இவர். டாக்டர் மரியாதையாகப் புத்தகத்தை மூடிவிட்டார். சிக்னலில் சிவப்பு எது, பச்சை எது என்று தெரியாதவரை எஞ்சின் பக்கம் விடமாட்டார்கள்.

வீட்டில் போய் உயரம் போதவில்லை என்று சொல்லிவிட்டார். அப்பா அதை நம்பி, இரண்டு வருஷம் மாதம் தவறாமல் மகனைக் கதவோரம் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்தார். கோடு ஒரே இடத்தில் தடித்துக்கொண்டே போயிற்று. பிறகு சிவாஜிநகரில் ஒரு பேட்டரி கடை. அங்கேதான் தொழில். கலர் விஷயத்தை முதலாளியிடமும் சொல்லவில்லை, பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

மனைவிக்கு மட்டும் தெரியும். அதுவும் இவர் சொல்லி அல்ல. கல்யாணமான புதிதில், கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபாதருக்குப் பூசை உடுப்பு எடுத்து வைக்கும் வேலை இவரிடம் வந்தது. அன்றைக்கு உடுத்த வேண்டியது பச்சை. இவர் எடுத்து வைத்தது விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் திருநாளுக்கு உடுத்தும் சிவப்பு. ஃபாதருக்குக் கண் புரை. கோயிலே எழுந்து நின்ற பிறகுதான் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் அசரவில்லை. நினைவிலிருந்து ஒரு வேதசாட்சியைப் பிடித்து, அவர் தலை வெட்டுப்பட்ட கதையை அரை மணி நேரம் சொன்னார். மூன்றாவது வரிசையில் இருந்த கேத்தரினுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "இனிமே உங்க சாக்ஸ் நான் எடுத்து வெக்கறேன்" என்றார். பதினைந்து வருஷத்தில் அதற்கு மேல் அந்தப் பேச்சே இல்லை.

கொட்டகையில் ஆதிகேசவனின் முகம் சிவந்திருந்தது. கிளெமென்ட்டுக்கு அது தெரிந்திருக்காது.

"அப்ப நாலு வருஷமா என் வண்டில இன்னாதான்யா செஞ்சிட்டிருந்த?"

கிளெமென்ட் டெஸ்ட் லேம்பை எடுத்துக் காட்டினார். ஹோல்டரில் ஒரு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். "இத வெச்சு ஒவ்வொண்ணையும் எரிய வெச்சுப் பாப்பேன். லெஃப்ட்டுன்னு தெரிஞ்சா நூல்ல ஒரு முடிச்சு. ரைட்டுக்கு ரெண்டு. பிரேக்குக்கு மூணு. கலர நம்பி ஒரு நாளும் ஒயர் சேத்தது இல்லண்ணே. நம்பவும் முடியாது."

"கத எல்லாம் வோணாம். விளக்கு வெக்கிற நேரத்துக்குள்ள செஞ்சு காட்டு. பக்கம் மாறி ஒரு பல்பு எரிஞ்சாலும் சாவிய வாங்கிட்டு அஞ்சு வண்டியையும் வேற கடைக்குக் கொண்டுபோயிட்டே இருப்பேன்."

கிளெமென்ட் திரும்பவும் தரையில் படுத்தார்.

"பிரேக்!"

"போட்டாச்சுங்க." நோட்டுகள் இப்போது பக்கத்து சீட்டில் மூடிக் கிடந்தன.

ஒன்றொன்றாக முடிச்சு விழுந்தது. பிறகு டிரெயிலரின் சட்டத்தில் எர்த் ஒயர் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில் பளபளவென்று புதுப் பெயின்ட். வெல்டிங்காரர் அழகுக்காகப் போல்ட்டின் அடி வரை பெயின்ட் அடித்திருந்தார். கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாமல் அடுத்த பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. திருவிழாவுக்குக் காரணம் அதுவும்தான். உப்புத்தாளால் தேய்த்து இரும்பு வரும் வரை சுரண்டினார். பல்புகள் கூடியதில் இண்டிகேட்டர் படபடவென்று அடித்ததால், டேஷ்போர்டுக்கு அடியில் இருந்து இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் ஃப்ளாஷரை மாற்றிப் பெரிதாக ஒன்று போட்டார். இப்படியே மூன்று மணி நேரம் போயிற்று. ஆதிகேசவன் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்.

ஆறு மணி வாக்கில் வெளிச்சம் மங்கியது. நாங்கள் மூவரும் டிரெயிலருக்குப் பின்னால் வந்து நின்றோம்.

"பிரேக்!"

இரண்டு சிவப்பும் எரிந்தன. இண்டிகேட்டர் அசையவில்லை.

"லெஃப்ட்!"

இடது மட்டும், நிதானமாக.

"ரைட்!"

ஒன்றும் இல்லை.

"போட்டாச்சுங்க," என்றது முன்னாலிருந்து குரல். பிறகு, "போட்டிருக்கேங்க," என்றது.

ஆதிகேசவன் சாவிக்காகக் கையை நீட்டியே விட்டார். கிளெமென்ட் அவரைப் பார்க்காமல் விளக்கின் மூடியைத் திருகிக் கழற்றி, பல்பைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே கிலுகிலு என்றது.

"ஃபிலமென்ட் போயிருக்கு. வர்ற வழில குலுங்கி அறுந்திருக்கும். ஒயர் சரிதாண்ணே."

"அத எரியாத பல்பு வெச்சு எப்டிய்யா நம்பறது?"

ஞாயிற்றுக்கிழமை. கொட்டகையில் அந்தப் பல்பு தீர்ந்துபோயிருந்தது, ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. கிளெமென்ட் கொட்டகைக்கு வெளியே எங்கோ போனார். இரண்டு நிமிஷத்தில் ஒரு பல்போடு வந்து மாட்டினார்.

"ரைட்!"

வலது பக்கம் மினுக்கிற்று. வலது மட்டும். பத்து தரம், இருபது தரம். யாரும் நிறுத்தச் சொல்லாததால் கேத்தரின் டீச்சர் அதை நிறுத்தவே இல்லை. பிறகு அவரே இறங்கி ஓடி வந்து பார்த்தார், பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆதிகேசவன் விட்ட மூச்சில் என் டீ டம்ளர் ஆடியிருக்கும்.

"யோவ், இத்தினி வருஷமா சொல்லாம இருந்தியே. உன் வாய்ல இன்னா, ஃப்யூஸா போயிருந்திச்சு?"

"சொன்னா வண்டி விடுவீங்களா?"

"வுட மாட்டேன்தான்." கொஞ்சம் யோசித்தார். "புதன்கிழமை மாலூர் போயிட்டு வந்ததும் வேன் ஒண்ணு அனுப்பறேன். ஹாரன் அடிச்சா வைப்பர் ஓடுது. பாரு."

கிளெமென்ட் இணைப்புகளுக்கு மேல் சுற்ற ஒரு டேப் உருளையை எடுத்தார். எடுத்தவர், வாடிக்கையாளர் முன்னால், என் முன்னால், தெருவுக்கே கேட்கும்படி, "கேத்தி, இது என்ன கலரு?" என்றார்.

"பச்சைங்க."

"இருக்கட்டும்," என்று சுற்றினார். பதினைந்து வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் கலர் அது என்று பிறகு கேத்தரின் டீச்சர் சொன்னார். அவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதர் டேப் சுற்றி நான் பார்த்ததில்லை.

நானும் நல்ல மனநிலையில்தான் வண்டியை எடுத்தேன். முனையில் வலது பக்கம் திரும்பும்போது பின்னால் வந்த பஸ்காரர் தலையை வெளியே நீட்டி, என் குடும்பத்தைப் பற்றி நல்ல கன்னடத்தில் நாலு வார்த்தை சொன்னார். இறங்கிப் பார்த்தேன். ஃபியட்டின் பின்புற வலது இண்டிகேட்டரில் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

மறுநாள் போய்க் கேட்டேன். "அவசரத்துக்கு எடுத்தேன் சார். டிரெயிலர் அவரோடது, அவருதான் தருவாரு," என்றார் கிளெமென்ட். ஆதிகேசவனிடம் போனேன். "நானா சார் கழட்டுனேன்? எடுத்தவன்தான் குடுக்கணும்," என்றார். இருவரும் இப்போது முன்னைவிட நெருக்கம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். பிப்ரவரி பாதி ஆகிவிட்டது. டிரெயிலர் கோலார் வரை போய்வந்துவிட்டது. நான் வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறேன். பல்பு இன்னும் வரவில்லை.