ஒரு மாதம் தள்ளிவைக்கும் அதிகாரம்

எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு யாப்பு, அதாவது சட்ட விதிகள், எழுதிக் கொடுத்தது நான்தான். பள்ளியில் அரசியல் பாடம் எடுப்பவன் என்ற பெருமையில் இரண்டு சபைகள் வைத்தேன்.

லயம் என்கிற ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும் ஒருவராகச் சனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவது கீழ்சபை. முடிவெடுப்பது அதுதான். பழைய தலைவர்கள் மூவரும் மேல்சபை. அவர்கள் ஒரு முடிவை ஒரு மாதம் தள்ளிவைக்கலாம், தடுக்க முடியாது. பல நாடுகளில் இப்படித்தான் என்று அன்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

இன்று காலை கடைசி லயத்தில் ஒரு சாவு. போன மாதம்தான் பல்லேகமவிலிருந்து வந்த குடும்பம், இன்னும் சங்கத்தில் சேரவில்லை. ஆனாலும் கூடாரமும் கதிரைகளும் கொடுப்பதென்று கீழ்சபை ஒரே குரலில் முடிவெடுத்தது.

மேல்சபைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "நாங்க வேணாம்னு சொல்லலீங்க. சட்டப்படி ஒரு மாசம் தள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான்."

மூன்றாம் லயத்துப் பிரதிநிதி செல்வியக்கா என் பக்கம் திரும்பினார். "ஏன் சேர், ஒரு மாசத்துல கருமாதியே முடிஞ்சிருமே. அப்பறம் அந்தக் கதிரையில யாரு ஒக்காருறது?"

யாப்பில் அதற்குப் பதில் இல்லை. சங்கத்துச் சாமான் அறைச் சாவி என் பொறுப்பில், சட்டைப் பையில் இருந்தது. எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

கதிரை தூக்கிப் போனவர்களில் அந்தப் பெரியவரும் ஒருவர். போகிற போக்கில், "யாப்ப மீறிட்டீங்க சேர்" என்றார்.

மேல்சபையால் தள்ளிவைக்கத்தான் முடியும், தடுக்க முடியாது என்று பரீட்சையில் எழுதிய பிள்ளைகளுக்கு இதுவரை முழுப் புள்ளி போட்டிருக்கிறேன். இனி எத்தனை போடலாம், நீங்களே சொல்லுங்கள்.