முதுகு ஒடிந்த பக்கம்

பைண்டிங் கடைக்காரருக்குச் சபையில் ‘கேட்டுச்சொல்றேன்’ என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் மனிதர், “ஆண்டவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்பார். பெண் பார்த்துவிட்டு வந்து எட்டு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். மாமனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, வேறு மாப்பிள்ளைக்குச் சொல்லியனுப்பக் கிளம்பிய அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. “அந்த மாப்பிள்ளை மட்டும் இல்லைன்னா ஆண்டவர் இன்னும் யோசிச்சிட்டே இருந்திருப்பார்” என்று மனைவி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. அக்காவின் சங்கதி அப்படியில்லை.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். இப்போது உடம்பு அதையும் தாங்கவில்லை. கூடப்பிறந்தவர் என்று இருப்பது இந்தத் தம்பி ஒருவர்தான். சோதித்துப் பார்த்ததில் அவருடைய சிறுநீரகம் பொருந்தியும்விட்டது. டாக்டரம்மா அவரைத் தனியாக அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“கட்டாயம் எதுவும் இல்லைங்க. பயமா இருந்தா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. ‘உங்க தம்பி உடம்பு தாங்காது’ன்னு அக்காகிட்ட நாங்களே சொல்லிடுவோம். யாருக்கும் தெரியாது. ஆனா எதுவா இருந்தாலும் அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்குள்ள சொல்லணும். அதுக்கு மேல தள்ளிப்போட்டா அவங்க ஆபரேஷனைத் தாங்க மாட்டாங்க.”

“கேட்டுச் சொல்றேன்” என்றார் இவர். பாவி மனுஷன், வேறென்ன சொல்வார்!

பத்தொன்பது நாள் ஓடிப்போயிற்று. தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நிற்பார். கண்ணை மூடியபடியே வேதப்புத்தகத்தைத் திறந்து, விரல் விழுந்த இடத்தைப் படிப்பார். பொறுத்திருக்கச் சொல்லும் பகுதி வந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே பக்கம். போதகர் கேட்டபோது, “மனசுல சமாதானம் வரலைங்கய்யா. அது வராம எப்படி அடியெடுத்து வைக்கிறது?” என்றார். உள்ளே நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. கத்தி வைத்த பிறகு கண் விழிக்காமலே போய்விட்டால், இரண்டு பெண்பிள்ளைகளையும் யார் பார்ப்பார்கள் என்பதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. மணி ஒன்பதரை. கடையின் பின்னறையில் புத்தகத்தைத் திறந்தவர், அப்படியே அதை ஏந்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

“ஏம்மா, இங்க பாரு! ஏழாவது தடவை. அதே பக்கம்! காத்திருன்னுதான் சொல்றார்.”

மனைவி தரையில் உட்கார்ந்து, மடித்த தாள்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்து புத்தகத்தை வாங்கினாள். மூடினாள். முதுகு கீழே படும்படி மேசைமேல் நிறுத்தி, இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். புத்தகம் தானாகவே விரிந்தது. அதே பக்கம். மறுபடி மூடி நிறுத்தினாள். அதே பக்கம்.

“இந்த இடத்துல தையல் விட்டு முதுகு ஒடிஞ்சிருக்கு. கடைக்கு வந்த புத்தகம்னா தொட்டதுமே சொல்லியிருப்பீங்க.”

“எனக்குத் தெரியாதும்மா.”

தெரியாதாம்! முப்பது வருஷமாகப் புத்தகத்தைத் தடவித் தடவியே சாப்பிடுகிறவருக்கு! கட்டைவிரலுக்குத் தெரிந்ததை மனசு தெரியாததுபோல வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

“வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க” என்றாள் மனைவி. “நான் மட்டும் பயப்படலையா? ரெண்டு பொண்ணை வெச்சுக்கிட்டு நான் எந்த வாயால கொடுங்கன்னு சொல்லுவேன்? ஆனா வேண்டாம்ங்கிறதை உங்க வாயால சொல்லுங்க. ஆண்டவர் தலையில கட்டாதீங்க.”

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கையில் ஒட்டியிருந்த பசையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறிவிட்டார்.

பஸ் நகருவேனா என்றது. சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. கம்பியைப் பிடித்து நின்றவருக்கு அந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. டாக்டரம்மா பேசி முடிப்பதற்குள்ளேயே உள்ளே ஒன்று “கொடு” என்றது. ஒரே ஒரு தடவை, மெதுவாக. பயத்தில் அதை ஏதோ தன் நினைப்பு என்று தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு வந்த குரல்களெல்லாம் வாய் ஓயாமல் பேசின. நீ நிதானமானவன், பொறுப்பான தகப்பன் என்று தட்டிக்கொடுத்தன. அந்த முதல் குரல் தட்டிக்கொடுக்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை. அந்தப் பதில் மாறிவிடாதா என்றுதான் பத்தொன்பது நாளும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். இது புரிந்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி பத்தே முக்கால். புரிந்துவிட்டால் மட்டும் பயம் போய்விடுமா? இடதுபக்கம் டாக்டரம்மாவின் அறை, வலதுபக்கம் அக்காவின் வார்டு. காதோடு காதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒருவருக்கும் தெரியாது. கால் இடதுபக்கம்தான் போகப் பார்த்தது. இழுத்து வலதுபக்கம் வைத்தார்.

அக்கா முகம் வீங்கிச் சாய்ந்து படுத்திருந்தாள்.

“வாடா. டாக்டரைப் பார்த்தியா?”

“இன்னும் இல்லக்கா.”

“பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இருந்தாங்க. ‘உங்க அண்ணன் உடம்பு தாங்காது’ன்னு அவங்ககிட்ட டாக்டர் வந்து சொன்னாங்க. இங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க போல.” மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். “எனக்கும் அப்படி வந்து சொன்னா, நான் அதை நம்பணும்டா. உன்னை ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்பட்டுடக் கூடாது. பத்து நாளா ஆண்டவர்கிட்ட அதை மட்டும்தான் கேக்குறேன்.”

“சுகமாகணும்னு கேக்கலியாக்கா?”

“அதைக் கேக்கக் கண்ணை மூடினா, நீ பயந்துபோய் வந்து எதிர்ல நிக்கிறியேடா.”

அவரால் அங்கே நிற்க முடியவில்லை. முகத்தைச் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டு, வந்த வழியே ஓட்டமும் நடையுமாகப் போனார். டாக்டரம்மா கோப்பை மூடி எழுந்துகொண்டிருந்தார்.

“முடிவு பண்ணிட்டீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே? மனசு நிம்மதியா இருக்கா?”

“யாரும் கட்டாயப்படுத்தலைங்க. நிம்மதியும் இல்லைங்க, உடம்பெல்லாம் நடுங்குது” என்றார். “எங்க கையெழுத்துப் போடணும்?”